சட்டம் உங்கள் பக்கம்தான்... காகிதம் இருக்கிறதா?

சனிக்கிழமை மதியமானால் கோவை கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் போன் பேச்சு அதிகமாகிவிடும். சாயங்காலம் ஆட்களுக்கு வாரச் சம்பளம் போட வேண்டும். ஆறு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை. முதலாளியும் கையில் கிரீஸோடு மெஷினில் நிற்பவர்தான். கையைத் துடைத்துக்கொண்டு பார்ட்டிக்குப் போன் போடுவார்.

“சார், ஆடி மாசத்துப் பில்லுங்க... இன்னும் வரலீங்க.”

“அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேனுங்க. வர்ற வாரம் பண்ணிடலாம்.”

“போன வாரமும் இதேதானுங்க சொன்னீங்க.”

“ஏனுங்க, நம்மகிட்ட இருந்தா பணம் எங்க போகப்போகுது? அடுத்த லாட்டை மட்டும் திங்கக்கிழமை அனுப்பி விட்ருங்க.”

திங்கட்கிழமை லாட் போய்விடும். பணம் வராது. சம்பளத்துக்காக வீட்டு நகை அடகுக்குப் போகும். திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துப் பிரின்டிங், எம்பிராய்டரி போடுகிறவர், அம்பத்தூரில் பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுப்பவர், ஓசூரில் பேக்கிங் அட்டை சப்ளை செய்பவர் என்று ஊர் மாறினாலும் இந்தப் பேச்சு மாறுவதில்லை.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பார்ட்டி வட்டி கட்டக் கடமைப்பட்டவராக ஆகியிருப்பார். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தேதி எப்படியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ‘90 நாள் கிரெடிட்’ என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45 நாள்தான் கணக்கு. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டி. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருட காலம் அந்த விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது. மூன்று மடங்கு என்றால் 20.25. அந்தக் கணக்கில் ஐந்து லட்ச ரூபாய் பில்லை ஒரு வருடம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ரூபாய்.

இதைக் கேட்டு வாங்க முதலிலேயே சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஃபெசிலிடேஷன் கவுன்சில் என்ற மன்றங்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. இதற்கான மத்திய அரசின் இணையதளத்தில் பில், பர்ச்சேஸ் ஆர்டர் நகல்களை ஏற்றி மனுப் போடலாம். முதலில் சமரசப் பேச்சு; அது முறிந்தால் மத்தியஸ்தத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். ‘வழக்கு என்றால் மும்பைக் கோர்ட்டில்தான்’ என்று ஆர்டரில் அச்சடித்திருந்தாலும், சப்ளையர் இருக்கும் ஊரின் கவுன்சிலே விசாரிக்கலாம். தனியாக மத்தியஸ்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அது கவுன்சிலைத் தடுக்காது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவு பலமான சட்டம் கையில் இருக்கும்போது ஏன் சனிக்கிழமைதோறும் இந்தக் கெஞ்சல்?

சிறு தொழில் செய்பவர்களைக் கேட்டால், “கேஸுன்னு போனா ஆர்டர் போயிடுமுங்க” என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது; அதைப் பிறகு பேசுவோம். அதற்கும் முன்னால் இன்னொரு காரணம் இருக்கிறது. நம் ஊரில் தொழில் செய்பவர் வக்கீலைத் தேடுவது, பணம் முழுகிப்போன பிறகு. அப்போது வக்கீல் கேட்கும் கேள்விகள் எல்லாமே பழைய தேதிகளைப் பற்றியவை. எப்போது பதிவு செய்தீர்கள்? சரக்கு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது? யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்? செக் என்றைக்குத் திரும்பியது? பதில் இல்லாத ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் பணம் போய்விடுகிறது. சட்ட உதவிக்கு உண்மையான மதிப்பு, சண்டைக்கு ஒரு வருடம் முன்பு, பில் போடும் நேரத்தில்தான். இந்தக் கட்டுரை முழுக்க நான் வலியுறுத்த வந்தது இது ஒன்றைத்தான்.

முதல் கேள்வி: உத்யம் எப்போது?

45 நாள் சட்டத்தின் பலன் வேண்டுமானால் குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார், பான் எண்களை வைத்து ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். பலர் அதைக் கடன் வாங்கும்போதுதான் எடுக்கிறார்கள், பேங்க் மேனேஜர் கேட்டார் என்பதற்காக. அதற்குள் இரண்டு வருடத்துச் சரக்கு போயிருக்கும்.

2021 ஜூனில் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் போட்டுச் சரக்கு அனுப்பிய பிறகு பதிவு செய்துகொண்டு, பழைய சப்ளைக்கு இந்தச் சட்டத்தின் சலுகையைக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், பதிவு எப்போது இருந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை உச்ச நீதிமன்றமே பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஆனால் தொழில் செய்பவர் அந்த விடைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் ஆர்டர் வாங்கும் முன் பதிவு செய்துவிட்டால் அந்த வாதமே எழாது. இதைச் சொல்ல ஒரு வக்கீலுக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் முழு பாக்கிக்கும் வட்டியை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

வியாபாரிகளுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. 2021-ல் சில்லறை, மொத்த வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு திறந்துவிடப்பட்டது. ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். வாங்கி விற்கும் கடைக்காரர் கையில் உத்யம் சான்றிதழை வைத்துக்கொண்டு 45 நாள் கணக்குப் பேச முடியாது. அவருக்கான வழி செக், ஒப்பந்தம், சிவில் வழக்கு. நடுத்தர நிறுவனத்துக்கும் இந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை. குறுவுக்கும் சிறுவுக்கும் மட்டுமே.

டி.சி.யில் ஒரு கிறுக்கல்

ஏதாவது ஒரு பட்டறையின் ஃபைலைப் பிரித்து ஒரு டெலிவரி சலானை (டி.சி.) கையில் எடுத்துப் பாருங்கள். கார்பன் நகல், மங்கிப்போன நீல எழுத்து. மேலே எண், தேதி. நடுவில் ‘புஷ் 400 நம்பர்’. கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் ஒரு கிறுக்கல். அது கேட் செக்யூரிட்டியின் இனிஷியல். பெயர் இல்லை, கம்பெனி சீல் இல்லை, தேதியும் இல்லை. டெம்போ டிரைவர் அவசரத்தில் வாங்கி வந்தது.

அந்தக் கிறுக்கலில்தான் எல்லாம் இருக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், அவர் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதாவது நான்காவது மாதம் திடீரென்று ‘சைஸ் அவுட்’, ‘ரிஜெக்‌ஷன்’ என்று டெபிட் நோட் போட்டு ஒரு லட்சத்தைக் கழிக்கும் பழக்கத்துக்கு இந்தச் சட்டம் எதிரானது. ஆனால் அந்த 15 நாளை எண்ணத் தொடங்க ஒரு தேதி வேண்டும். தேதியில்லாத டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வக்கீல் வாதாடினாலும் பாதி தூரம்தான் போக முடியும். சரக்கு போன அன்றே ‘இன்ன டி.சி.யில் இவ்வளவு சரக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று பார்ட்டியின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு ஈமெயில் போட்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதேபோல் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம். பொடி எழுத்தில் இருபது, முப்பது நிபந்தனைகள். தாமதத்துக்கு எவ்வளவு பிடித்தம், டை, பேட்டர்ன் யாருக்குச் சொந்தம், எந்த ஊர்க் கோர்ட் என்று எல்லாம் அங்கேதான் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதை ஒருமுறை வக்கீலிடம் காட்டுகிறவர் மிகக் குறைவு. ஆடிட்டரிடம் கேட்பார்கள். ஆடிட்டர்மேல் எனக்குக் குறையில்லை. சிறு தொழிலுக்கு ஜி.எஸ்.டி., வருமான வரி எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பவர் அவர்தான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொல்வது அவர் வேலை இல்லை.

மார்ச் மாதத்தில் ஆடிட்டர் கேட்பதற்காக பார்ட்டிகளிடம் வாங்கும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதத்தை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கடன் பாக்கிக்கு வழக்குப் போடும் கெடு பொதுவாக மூன்று வருடம். அந்தக் கெடு முடியும் முன், ‘உங்களுக்கு இவ்வளவு தர வேண்டியிருக்கிறது’ என்று வாங்கியவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். பாக்கியை ஒப்புக்கொண்டு வரும் வாட்ஸ்அப் செய்தியையும் காப்பாற்றி வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய சட்டத்தின்படி, மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் காட்ட அதற்குரிய சான்றிதழ் வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் அதில் இருந்த ஒப்புதலும் போய்விடும்.

செக் திரும்பிய 30 நாள்

செக் வழக்கைப் பற்றித் தெரியாத வியாபாரி இல்லை. தெரிந்ததில் பாதி தவறு என்பதுதான் கவலை. செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு ஒரு கடிகாரம் மாதிரி ஓடுகிறது. செக் திரும்பியதாக பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்த முதல் 30 நாளில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். “அண்ணே, அவசரப்படாதீங்க, அடுத்த வாரம் ஆர்டிஜிஎஸ் பண்ணிடறேன்” என்று பார்ட்டி சொல்வார். அடுத்த வாரம் போய், அதற்கடுத்த வாரமும் போய், 34-வது நாளில் வக்கீல் ஆபீஸுக்கு வந்து நிற்பார்கள். செக்குக்கு மூன்று மாத ஆயுள் இருப்பதால், அதற்குள் மறுபடி போட்டுத் திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பும் வழி இருக்கிறது, எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் 34-வது நாளில் வந்து நிற்பவருக்கு, செக்கின் தேதிக்கு மூன்று மாதம் ஆக இன்னும் எத்தனை நாள் பாக்கி என்பதுதான் முக்கியம். அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

நோட்டீஸைச் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 2025 செப்டம்பரில் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோடி ரூபாய் செக்குக்கு, நோட்டீஸில் இரண்டு கோடி ரூபாய் என்று கேட்டிருந்தார்கள். டைப்பிங் தவறு என்று வாதாடிப் பார்த்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கின் தொகையாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கு நிற்காது. ஒரு எண் தவறியதில் ஒரு கோடி ரூபாய்க்கான குற்றவழக்கே போய்விட்டது.

அண்ணன் தம்பி, மச்சான் மாப்பிள்ளை சேர்ந்து நடத்தும் பங்குதாரர் தொழிலுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஒப்பந்தப் பத்திரம் எழுதி, பேங்கில் கணக்குத் தொடங்கி, ஜி.எஸ்.டி. எண்ணும் வாங்கிவிடுவார்கள். மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தைப் பதிவு செய்ய மாட்டார்கள். 1932-ம் ஆண்டின் பங்குதாரர் சட்டம் 69-வது பிரிவின்படி, பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள்மேல் சிவில் வழக்குப் போட முடியாது. நூறு ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு மட்டும் விலக்கு! பதிவில் பங்குதாரர் பெயர்களும் சரியாக இருக்க வேண்டும். அப்பா காலமாகி மகன் உள்ளே வந்திருந்தால் அதையும் பதிவில் ஏற்ற வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான்.

ஆர்டர் போய்விடுமா?

இப்போது அந்தப் பயத்துக்கு வருவோம். ஒரே பார்ட்டியை நம்பி ஓடும் பட்டறையில், அந்தப் பார்ட்டிக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்வது சுலபம். அனுப்பிய பிறகு மெஷின் நிற்கும்போது நஷ்டம் முதலாளிக்குத்தான். வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் ‘எச்’ உட்பிரிவு சேர்க்கப்பட்டு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோதே இது தெரிந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவைக் கொடுத்த வருடத்தில்தான் கழித்துக்கொள்ளலாம் என்றது அந்தப் பிரிவு. நல்ல நோக்கம். ஆனால் ‘பதிவே இல்லாத ஆளிடம் வாங்கிக்கொள்கிறோம்’ என்று பார்ட்டிகள் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஜவுளித் தொழிலில் பரவியது.

இந்தப் பயத்துக்கு மருந்து மௌனமாக இருப்பதில்லை. நல்ல வக்கீல் எடுத்த எடுப்பில் வழக்குப் போடச் சொல்ல மாட்டார். முதலில் கணக்கு விவரத்தோடு ஒரு மரியாதையான கடிதம், சட்டத்தின் பிரிவைக் குறிப்பிட்டு, வட்டிக் கணக்கையும் கீழே போட்டு. பெரிய கம்பெனியில் பர்ச்சேஸ்காரர் கண்டுகொள்ளாத பாக்கியை, அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் கண்டுகொண்டாக வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை ஆண்டுக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும் என்று 2006 சட்டமே சொல்கிறது. தாமத வட்டியை வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. இந்த விவரங்களோடு போகும் கடிதத்துக்கும், “சார், கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்ற போனுக்கும் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் கொடுக்கும் மதிப்பு ஒன்றாக இருக்காது. பேசித் தீர்க்க முடிந்தால் அதையும் வெள்ளைத் தாளில் எழுதி, தவணைத் தேதிகளைப் போட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

காத்திருப்பதில் இன்னோர் ஆபத்து உண்டு. பார்ட்டி கம்பெனியே திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால், அன்றிலிருந்து அந்தக் கம்பெனிமேல் உள்ள வழக்குகள் எல்லாம் நின்றுபோகும். திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வாளர் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு, கடன் கொடுத்தவர்களிடம் மனுக் கேட்பார். அந்தச் சின்ன விளம்பரம் பட்டறைக்காரர் கண்ணில் படாது. சப்ளையரே முன்கையெடுத்து பார்ட்டியைத் திவால் மன்றத்துக்கு இழுக்கலாம் என்றால், அதற்கான குறைந்தபட்ச பாக்கி 2020 மார்ச்சில் ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. எட்டு லட்சம், பத்து லட்சம் வர வேண்டியவருக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது.

ஃபீஸுக்கு எங்கே போவது?

வக்கீல் என்றால் பெரிய செலவு என்பது பலரின் மனக்கணக்கு. முழு வழக்குக்கும், ஒரு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வதற்கும் ஃபீஸ் வேறு வேறு. போகும் முன்பே கேட்டுக்கொள்வதில் தவறில்லை. கோடிசியா, டான்ஸ்டியா போன்ற தொழில் சங்கங்களில் உறுப்பினராக இருப்பவர்கள், சங்கமே ஒரு வக்கீலை மாதம் இரண்டு நாள் உட்காரவைக்க வேண்டும் என்று கேட்கலாம். பத்து யூனிட்டுகள் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு டூல் பிட் விலை அளவுக்குத்தான் வரும்.

அரசின் இலவச சட்ட உதவி ஏழைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி உண்டு. வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் அக்காவும், நாலு தையல் மெஷின் போட்டு ரெடிமேட் தைக்கும் அம்மாவும் தங்கள் தொழில் பாக்கிக்காக மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குத் தைரியமாகப் போகலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். நிலுவையில் உள்ள வழக்கு லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்வுக்கு எதிராக அப்பீலும் கிடையாது.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. கவுன்சில் ஒரு மனுவை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கெடு நடைமுறையில் காப்பாற்றப்படுவதில்லை. கூட்டம் நடக்கும் நாட்களைக் கூட்ட வேண்டும், உறுப்பினர் இடங்களைக் காலியாக விடக் கூடாது. அதைவிட முக்கியமானது, மாவட்டத் தொழில் மையங்களில் வாரம் ஒரு நாளாவது ஒரு வக்கீல் உட்கார வேண்டும். மானியத்துக்கும் கடனுக்கும் அங்கே மேஜை இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்க விண்ணப்பத்தோடு வரும் இளைஞரிடம், முதல் ஆர்டர் வாங்கும் முன் உத்யம் எடுத்துவிட்டாயா, பங்குதாரர் நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டாயா, டி.சி.யில் சீல் வாங்குகிறாயா என்று கேட்க அங்கே ஒரு நாற்காலி போட எந்தப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை.